டெண்டர் என்றால் மென்மையாம்

கரோல் பாக் மெட்ரோ நிலையத்துப் படிகளில் இறங்கினால் முதலில் எதிர்ப்படுவது ஒரு கோழி வறுவல் கடை. சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, அதன் கண்ணாடியில் புதிதாக ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். பொன்னிறமாக வறுத்த கோழித் துண்டுகள், மேலே ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் ‘டெண்டர்ஸ்’. நான் நடைபாதை நடுவில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் மோதித் திட்டிவிட்டுப் போனார். காரணம் இருக்கிறது. ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், தில்லியில் என் உத்தியோகத்தின் பெயரே டெண்டர் எக்ஸிக்யூட்டிவ். அரசு அலுவலகங்களைப் பெருக்கித் துடைக்க ஆள் அனுப்பும் ஒரு சிறிய கம்பெனிக்கு, டெண்டர் காகிதங்களைத் தயாரித்துக் கணினியில் ஏற்றுவது என் வேலை. நாள் முழுக்க அந்தச் சொல்லிலேயே கிடந்து கண் எரிய வெளியே வந்தவளுக்கு, அதே சொல் எண்ணெயில் பொரிந்துகொண்டு காத்திருந்தால் எப்படி இருக்கும்? உள்ளே போய்க் கல்லாவில் இருந்தவரிடம், “யே டெண்டர் கிஸ்கா ஹை, பையா?” என்று கேட்டேன். இது யாருடைய டெண்டர் என்று. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “முர்கே கா, மேடம்.” கோழியுடையதாம்.

கோழியின் நெஞ்சுக்கு அடியில், எலும்பே இல்லாமல், இருப்பதிலேயே மிருதுவாக ஒரு சதை உண்டு. அதற்குத்தான் அந்தப் பெயர் என்று அவர் விரலால் தன் நெஞ்சிலேயே தொட்டுக் காட்டினார். நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். டெண்டர் என்றால் மென்மை, பரிவு, இளம்பருவம் என்பதெல்லாம் பரீட்சைத் தாளில் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் வாழ்க்கையில் அந்தச் சொல் ஒரு நாளும் என்னிடம் மென்மையாக வந்ததில்லை. ஒரு பெட்டி கோழித் துண்டை வாங்கித் தின்றபடி நடக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். இந்தச் சொல்லை இந்த நகரம் முழுக்கத் துரத்துவது. எங்கெல்லாம் எழுதியிருக்கிறதோ படம் எடுப்பது. எங்கேயாவது ஓர் இடத்தில் அது சொன்னபடி மென்மையாக நடந்துகொள்கிறதா என்று பார்த்துவிடுவது.

எனக்கு அந்தச் சொல் முதலில் அறிமுகமானது கோவில்பட்டியில், அப்பாவின் வாயிலிருந்து. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அப்பா சைக்கிள் ஸ்டாண்டு எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். அதை ஏலம் என்றும் சொல்வார், டெண்டர் என்றும் சொல்வார். ஏலம் நடக்கும் அன்று நகராட்சி வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிய ஆட்கள் ஒருவர் முகத்துக்கு நேராக மற்றவர் கத்துவார்கள். யார் யாரை அமுக்கினார்கள், யார் விலைபோனார்கள் என்பது மதியத்துக்குள் ஊருக்கே தெரியும். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஏலம் கைமாறியது. எடுத்தவர் அன்று சாயங்காலமே ஆளைக் கூப்பிட்டு, தகரப் பலகையில் இருந்த அப்பாவின் பெயர்மேல் வெள்ளை அடிக்கச் சொன்னார். மறுநாள் அப்பா தன் சொந்த சைக்கிளை அதே ஸ்டாண்டில் விட்டு, சீட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேருந்து ஏறி வேலை தேடப் போனார். அந்தச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தவர் நேற்றுவரை அப்பாவிடம் வேலை பார்த்தவர். இப்படி வளர்ந்தவளிடம் டெண்டர் என்றால் மென்மை என்று அகராதி சொன்னால் நான் என்ன செய்வது.

தில்லியில் யாரும் கத்துவதில்லை. அதுதான் எனக்கு முதலில் பிடித்திருந்தது. எல்லாம் கணினியில், எல்லாம் பணிவான ஆங்கிலத்தில். துப்புரவு வேலை டெண்டரில் கூலியை அரசே நிர்ணயித்துவிடும். கம்பெனிகள் தங்கள் கமிஷனை மட்டும்தான் குறைத்துக் கேட்க முடியும். ஆகவே எல்லோரும் ஒரே அடிமட்டத் தொகையைக் கேட்பார்கள், கணினி குலுக்கிப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். இவ்வளவு குறைத்துக் கேட்டால் நமக்கு என்னதான் மிஞ்சும் என்று சேர்ந்த புதிதில் எங்கள் முதலாளி பல்லாஜியிடம் கேட்டேன். அவர் எனக்கு ஒரு சமோசா தரச் சொல்லிவிட்டு, மிஞ்சும் மகளே, மேலே மிஞ்சாது, கீழே மிஞ்சும் என்றார். எனக்கு அப்போது புரியவில்லை. சமோசா நன்றாக இருந்தது.

பாக்கியம் அக்காவைப் பார்த்தது லோதி ரோட்டில். அங்கே ஓர் அரசுக் கட்டடத்துக்கு நாங்கள் டெண்டர் போடுவதாக இருந்தோம். போடுமுன் இடத்தைப் பார்த்துவர வேண்டும் என்பது விதி. இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் மெரூன் நிறச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு ஒருவர் குந்தியபடி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கிற துணியில் நீல நிறத்தில் ஒரு சட்டைக் கை தெரிந்தது, பொத்தானோடு. நான் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டே ஈரத்தில் கால் வைத்துவிட்டேன்.

“தமிழா பேசுற? தமிழாளா இருந்துக்கிட்டு தொடச்ச எடத்துலயே மிதிக்கற பாரு” என்றார்.

அப்படித்தான் பழக்கம் தொடங்கியது. சின்னசேலம் பக்கம் அவருக்கு. கல்யாணமான புதிதில் தில்லி வந்தவர். கணவர் கட்டட வேலையில் விழுந்து இறந்துவிட்டார். அந்த நீலச் சட்டையைப் பற்றிக் கேட்டேன். முந்தைய டேக்கேதார் கொடுத்த யூனிஃபார்மாம். காண்ட்ராக்டரை அங்கே எல்லோரும் டேக்கேதார் என்றுதான் சொல்கிறார்கள். ஒரு டேக்கேதார் போய் இன்னொருவர் வந்தால் சட்டை மாறும். பழைய சட்டை தரை துடைக்க ஆகும். ஒன்றோடொன்று மாறிப்போகாமல் இருக்கப் பெண்கள் காலரில் முதல் எழுத்தை நூலால் தைத்துவைத்துக்கொள்வார்கள். பாக்கியம் அக்காவின் மெரூன் காலரில் மஞ்சள் நூலில் ‘பா’ என்று இருந்தது. எத்தனை வருடமாக இங்கே என்று கேட்டதற்கு, மகள் ஒண்ணாவது சேர்ந்ததிலிருந்து என்றார். ஆனால் எந்தக் கம்பெனியின் காகிதத்திலும் அவர் ஒரு வருடத்துக்குமேல் வேலை பார்த்தவர் இல்லை. ஒவ்வொரு முறையும் புது ஆள்.

அவருக்கு அந்த இடம் ஏன் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் குடிசை இருந்த இடத்தை இடித்து, நகரத்தின் வடகோடியில் நரேலாவில் வீடு கொடுத்திருந்தார்கள். அங்கே தமிழ் சொல்லித்தருகிற பள்ளி கிடையாது. மகள் சுகன்யா படிக்கும் பள்ளி லோதி ரோட்டில், இந்தக் கட்டடத்துக்குப் பக்கத்தில். விடியுமுன் தாயும் மகளும் சேர்ந்து இரண்டு பேருந்து மாறி வருவார்கள், சேர்ந்தே திரும்புவார்கள். சுகன்யா இந்த வருடம் பிளஸ் டூ. அம்மாவின் வேலை இங்கே இருக்கும்வரைதான் மகளின் பள்ளி இங்கே. அது எனக்கு முதல் நாளே புரிந்தது.

“நீ என்னா பண்ணுவியோ தெரியாது பாப்பா. உங்க கம்பெனி வந்தா என்ன எடுத்துறாத. அவ்ளோதான்.”

செய்கிறேன் என்றேன். நான் எதையும் யோசித்துச் சொல்கிறவள் இல்லை, சொல்லிவிட்டு யோசிப்பேன். “பாத்துக்கிடுதேன் அக்கா” என்று என் ஊர்த் தமிழில் வந்துவிட, அவர் அதை ஒருமுறை சொல்லிப்பார்த்துச் சிரித்தார்.

இதற்கிடையில் என் வேட்டையும் நடந்துகொண்டிருந்தது. சாலையில் ஒரு தீயணைப்பு வண்டி போனது. பக்கவாட்டில் ‘வாட்டர் டெண்டர்’. எரிகிற வீட்டுக்குப் போகும் வண்டிக்கு இந்தப் பெயர். குடிசைகளை இடிக்கும்போதும் பாதுகாப்புக்காக அது ஓரமாக வந்து நிற்கும், எங்கள் வீடு போனபோதும் நின்றது என்று பாக்கியம் அக்கா சொன்னார். சரோஜினி நகர் மார்க்கெட்டில் துணி எடுக்கப் போன இடத்தில் ஒரு பாத்திரக் கடை, அதில் பல் வைத்த ஒரு சுத்தியல், அட்டையில் ‘மீட் டெண்டரைசர்’. இதை வைத்து என்ன செய்வது என்று கேட்டேன். கறியைச் சமைப்பதற்குமுன் இதனால் நன்றாக அடிக்க வேண்டும், அடித்தால்தான் மேடம் மென்மையாகும் என்று கடைக்காரர் எனக்கு அடித்தே காட்டினார். நான் அதையும் படம் எடுத்துக்கொண்டேன். அப்போதெல்லாம் இது எனக்கு விளையாட்டு.

குலுக்கலில் எங்கள் கம்பெனிக்கே விழுந்தது. அலுவலகத்தில் பர்ஃபி கொடுத்தார்கள். நான் பர்ஃபியைக் கையில் வைத்துக்கொண்டே பல்லாஜியின் அறைக்குள் போய், லோதி ரோட்டில் இருக்கும் எட்டுத் தமிழ்ப் பெண்களையும் அப்படியே வைத்துக்கொள்ளலாமே என்றேன். பழைய ஆட்களை வைத்துக்கொள்வதில்லை, அது கம்பெனி வழக்கம் என்றார். நான் விடவில்லை. ஒருவரையாவது என்றேன். அவர் சிரித்தார். “தும் மதராசி லோக் படே டெண்டர்ஹார்ட்டட் ஹோ” என்றார். மதராசிகளுக்கு இளகிய மனசாம். சரி, ஒருத்தியின் பெயரைச் சொல், வைத்துக்கொள்கிறேன், என் வார்த்தை என்றார். எட்டில் ஒன்று. இட்லித் தட்டில் ஓர் இட்லியை எடுக்கிற மாதிரி நான் பாக்கியம் அக்காவின் பெயரைச் சொன்னேன். பல்லாஜி அதை ஒரு சீட்டில் எழுதி, லோதி ரோட்டைப் பார்த்துக்கொள்ளப்போகும் எங்கள் சூப்பர்வைசருக்கு அனுப்பினார்.

சேருவதற்கு மருத்துவச் சான்று வேண்டும். நானே விடுப்புப் போட்டு அக்காவை ஒரு டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் இளம்பெண், என் வயதுதான் இருக்கும். அக்காவின் வலது முழங்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். அக்கா பல்லைக் கடித்தார். டாக்டர் தலையைத் தூக்காமல் “டெண்டர்னஸ் ஹை” என்று சொல்லி அதையே எழுதினார். மருத்துவத்தில் டெண்டர்னஸ் என்றால் தொட்டால் வலிக்கிற இடம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என்ன அபாரமான பொருள்! அக்கா என் கையைச் சுரண்டினார்.

“என்னா பாப்பா எழுதறாங்க?”

“வலி இருக்குன்னு எழுதுதாங்க.”

“அத எழுதாதன்னு சொல்லு. வலி இருக்குன்னா எவன் வேல குடுப்பான்?”

சொன்னேன். டாக்டர் ஒரு கணம் யோசித்துவிட்டு அந்த வரியை அடித்தார். அந்த ஒரு தடவைதான் அந்தச் சொல் யாருக்கோ உபகாரம் செய்தது, அதுவும் அடிபட்ட பிறகு.

எங்கள் கம்பெனி பொறுப்பேற்ற வாரம் எனக்கு அலுவலகத்தில் தலைக்குமேல் வேலை. பாக்கியத்தைச் சேர்த்தாகிவிட்டது, சந்தோஷமா என்று பல்லாஜி அவராகவே கேட்டார். அடுத்த வாரம் ஒரு டப்பா சோன்பப்டி வாங்கிக்கொண்டு லோதி ரோட்டுக்குப் போனேன். தாழ்வாரத்தில் ஆரஞ்சு நிறச் சட்டைகள், எங்கள் கம்பெனிச் சட்டைகள். உள்ளே இருந்த முகங்கள் அத்தனையும் எனக்குத் தெரிந்த முகங்கள். வேலை போயிருக்கும் என்று நான் இரக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே பெண்கள். பாக்கியம் அக்கா மட்டும் இல்லை.

மல்லிகா என்பவர் துடைப்பதை நிறுத்தாமலே சொன்னார். “உங்க ஆளு ரோகிணிக்குப் போய்ட்டாங்களே மேடம். பெரிய எடத்து சிபாரிசுல்ல. எங்களுக்கெல்லாம் அந்தக் குடுப்பன ஏது?”

பிறகு மற்றவர்கள் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. பழைய ஆட்களை எடுப்பதில்லை என்பது முதலாளி பேசுகிற வழக்கம். கீழே வேறு வழக்கம். ஒவ்வொரு முறை டேக்கேதார் மாறும்போதும் புது ஆளின் சூப்பர்வைசர் கட்டடத்தின் பின்புறம் ஓர் அறையில் உட்காருவார். பெண்கள் வரிசையில் நிற்பார்கள். ஒரு மாதச் சம்பளத்தை முன்கூட்டியே அவர் கையில் வைத்தால், பழைய ஆள் புது ஆளாகப் பழைய இடத்திலேயே சேர்ந்துகொள்ளலாம். கீழே மிஞ்சும் என்று பல்லாஜி சொன்னது இதைத்தான். இதற்காகவே எல்லோரும் ஒதுக்கி வைத்திருப்பார்கள். பாக்கியம் அக்காவும் வைத்திருந்தார், வரிசையில் நின்றும் இருக்கிறார். ஆனால் அவர் பெயர் ஏற்கெனவே மேலிருந்து சீட்டில் வந்துவிட்டது. சிபாரிசில் வந்தவளிடம் சூப்பர்வைசர் கை நீட்ட முடியாது. கை நீட்ட முடியாதவளை, கண்ணெதிரே வைத்துக்கொள்ளவும் மாட்டார். வசூலில் எவ்வளவு அமுக்குகிறார் என்று நாளைக்கு முதலாளியிடம் போட்டுக்கொடுப்பாளே. தூரத்து இடத்துக்குத் தள்ளிவிட்டார். பல்லாஜி வார்த்தை தவறவில்லை. நான் ஆளைக் கேட்டேன், ஆளைக் கொடுத்தார். இடத்தை நான் கேட்கவே இல்லை. காகிதத்தில் ஒரு கமா விட்டுப்போனால் கண்டுபிடிக்கிற எனக்கு, இதைக் கேட்கத் தோன்றவில்லை.

மல்லிகா துணியை வாளியில் முக்கிப் பிழிந்தார். மெரூன் துணி. காலரில் மஞ்சள் நூல். சோன்பப்டி டப்பாவை யாரும் வாங்கவில்லை. ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

ரோகிணியில் பாக்கியம் அக்கா வேலை முடிந்து வெளியே வரும்வரை வாசலில் நின்றேன். என்னைப் பார்த்துக் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகவும் போயிருந்தேன். அவர் தேநீர் வாங்கிக் கொடுத்தார். சுகன்யா வீட்டில்தான் இருக்கிறாள், தனியாக அனுப்புகிற ஊரா இது என்றார். திங்கட்கிழமை பள்ளிக்குப் போய் டி.சி. கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், நரேலாவில் இந்திப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்களா என்று தெரியவில்லை, பிளஸ் டூ பாதியில் யார் சேர்ப்பார்கள் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் பேருந்து நேரம் சொல்கிற மாதிரி சொன்னார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். என் ஊர்த் தமிழும் அலுவலக ஆங்கிலமும் கலந்து ஏதேதோ வந்தது. அவர் பாதியில் நிறுத்தினார்.

“நீ நல்லது பண்ணாம இருந்திருந்தா நான் அங்கியே இருந்திருப்பேன் பாப்பா.”

சொல்லிவிட்டுத் தேநீரை ஊதிக் குடித்தார். குத்திக்காட்டுகிற தொனி இல்லை. எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளட்டும் என்று சொன்ன மாதிரிதான் இருந்தது. கோவில்பட்டியில் அப்பாவின் பெயர்மேல் வெள்ளை அடித்தவர் குறைந்தபட்சம் அது நல்லது என்று நினைத்துக்கொண்டு அடிக்கவில்லை. நான் பர்ஃபி தின்றுகொண்டு அடித்திருக்கிறேன். இங்கே வந்த நாளாக, ஊரைவிட இது நாகரிகமான இடம், இங்கே யாரும் முகத்துக்கு நேராக அழிப்பதில்லை என்று வீட்டுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மைதான். இங்கே மென்மையாகத்தான் அழிக்கிறார்கள். அதற்கு என்னைப்போல் ஆர்வமான ஒருத்தியும் தேவைப்படுகிறாள்.

மல்லிகாவே போன் செய்து அக்காவிடம் ஒரு செய்தி சொன்னாராம், வேறு யாராவது சேருமுன் வா என்று. அங்கே ஒரு பெண் பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறாள், ஓர் இடம் காலியாகிறது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர் அந்தப் பின்னறையில் உட்காருகிறார். சிக்கல் என்னவென்றால் சீட்டில் வந்த பெயர் ரோகிணியில் இருக்கும்வரை சூப்பர்வைசர் தொடமாட்டார். அந்தப் பெயர் போக வேண்டும், முதலாளிக்குச் சந்தேகம் வராமல். அதை என்னால் செய்ய முடியும். இன்று காலை அலுவலகத்தில் அக்காவின் ராஜினாமாவை நானே தட்டச்சு செய்தேன். ஆங்கிலத்தில் ராஜினாமாவைக் கொடுப்பதில்லை, ‘டெண்டர்’ செய்வார்கள். அந்த வார்த்தையைத் தட்டும்போது எனக்குச் சிலிர்க்கவில்லை. மதியம் ரோகிணிக்குப் போய்க் காகிதத்தை நீட்டியதும் அக்கா என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வேலையை விடுகிறேன் என்று எழுதியிருக்கிறது என்றேன். தமிழில் கையெழுத்துப் போட்டார், அந்தக் காலரில் இருந்த அதே ‘பா’வோடு தொடங்கி. திரும்பி வந்து அதைக் கோப்பில் வைத்துவிட்டேன். பல்லாஜி பெயரைப் பார்த்து, பார்த்தாயா, இவர்களுக்கு நல்லது செய்தாலும் நிற்கமாட்டார்கள் என்றார். ஆமாம் ஜி என்றேன்.

நாளை ஞாயிறு. கூட வருகிறேன் என்று நான்தான் அடம்பிடித்தேன். அக்கா யோசித்துவிட்டுச் சரி என்றார். தனியாகப் போனால் அவன் வேற மாதிரி பேசுவான், பக்கத்தில் ஒரு பொண்ணு நின்றால் நல்லதுதான் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. அந்தச் சூப்பர்வைசர் என்னை நேரில் பார்த்ததில்லை. தினமும் போனில் என் குரலைக் கேட்கிறார், என் இந்தியை, அவ்வப்போது கோபத்தில் நான் முணுமுணுக்கும் தமிழையும்.

“கம்பெனி கார்ட வீட்டுல வெச்சுட்டு வா. வாயத் தொறந்துறாத. அக்கா மவ, காதும் கேக்காது வாயும் பேசாதுன்னு சொல்லிக்கறேன். நீ பாட்டுக்கு ஒதவி பண்றேன்னு எதுனா ஆரம்பிச்சிறாத, கண்ணு.”

பணம் அக்காவுடையது. நான் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். வேலை கிடைத்தால் திங்கட்கிழமை டி.சி. கேட்க வேண்டியதில்லை, சுகன்யா பள்ளிக்குப் போய்விடுவாள். கிடைக்காவிட்டால் அதே காலையில் அதே வாசலில் எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். அடையாள அட்டையைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். கரோல் பாக்கில் நான் தங்கியிருக்கும் விடுதியின் கீழே சாயங்காலக் கடைகள் இரைகின்றன. காய்கறி வண்டிக்காரர் அக்கா என்பதற்கு இந்தியில் ‘தீதி’ என்று கூப்பிடுகிறார், எதிர் அறைப் பெண் தமிழில் என் பெயரைச் சொல்லி அழைக்கிறாள். நான் இரண்டுக்கும் பதில் சொல்லாமல் நடந்து பழகிக்கொண்டிருக்கிறேன். தமிழில் கூப்பிட்டால் திரும்பக்கூடாது. இந்தியில் கேட்டால் வாய் திறக்கக்கூடாது.